மைன்கிராஃப்டில் மாட் சேர்த்து விளையாடத் தொடங்குவது எப்படி?

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் எண்டர் டிராகனை வீழ்த்தும் வரை விளையாடியாயிற்று, 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி இருக்கிறது, இனி மாட்களோடு, அதாவது ஆட்டத்தை மாற்ற ஆர்வலர்கள் எழுதும் கூடுதல் நிரல்களோடு, விளையாட எங்கிருந்து தொடங்குவது, அவற்றை ஆட்டத்தோடு இணைக்கும் லோடர்களில் ஃபோர்ஜைத் தேர்ந்தெடுப்பதா ஃபேப்ரிக்கையா, எந்த மாட்பேக் (மாட்களின் ஆயத்தத் தொகுப்பு) நல்லது என்பது கேள்வி. சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைத் திறந்து நடத்தும் லாஞ்சர்களில் ப்ரிஸம் லாஞ்சர் போன்ற ஒன்றை நிறுவுங்கள். அதில் 1.20.1 பதிப்புக்கு ஃபோர்ஜ் லோடருடன் தனி இன்ஸ்டன்ஸ் (தனித்து இயங்கும் ஆட்டப் பெட்டி) ஒன்றை உருவாக்கி, பத்துப் பன்னிரண்டு மாட்களோடு மட்டும் ஆடத் தொடங்குங்கள். நானூறு மாட்கள் அடங்கிய பெரிய பேக் எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் காரணங்களோடு விளக்குவதற்கே மீதிப் பதில்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மைன்கிராஃப்ட் என்ற பெயரில் ஜாவா, பெட்ராக் என்று இரண்டு வேறு வேறு நிரல்கள் இருக்கின்றன. கைபேசி, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் ஆகியவற்றில் ஓடுவது பெட்ராக். அதற்கு ஆட்-ஆன் எனப்படும் இணைப்புகள் உண்டு, ஆனால் அவை ஆட்டத்தின் தயாரிப்பாளரான மோஜாங் திறந்துவிட்ட எல்லைக்குள் மட்டுமே இயங்கும். நாம் பேசும் மாட்கள் அனைத்தும் ஜாவா பதிப்புக்கு உரியவை; கணினியில் மட்டுமே ஓடுபவை. விண்டோஸுக்கு 2022 ஜூன் முதல் இரண்டு பதிப்புகளும் ஒன்றாகவே விற்கப்படுவதால், பெட்ராக்கை மட்டும் நிறுவி வைத்துக்கொண்டு மாட் கோப்பை எங்கே போடுவது என்று தேடுபவர்கள் பலர். உங்களிடம் இருப்பது ஜாவா பதிப்பு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

மாட்களைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி ஒரே காரணத்திலிருந்து பிறக்கிறது. ஜாவா பதிப்புக்கு அதிகாரபூர்வமான மாட் இடைமுகம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. ஆட்டத்தின் நிரலில் உள்ள பெயர்களைக் குலைத்துத்தான் மோஜாங் வெளியிட்டு வந்தது. அந்தப் பெயர்களின் பொருளைக் கண்டுபிடித்து, ஆட்டத்தின் உள்ளே நேரடியாகக் கைவைத்துத்தான் மாட் எழுதுபவர்கள் வேலை செய்தார்கள். 2019-இல் பெயர்ப் பட்டியலை மோஜாங்கே வெளியிடத் தொடங்கியது. இனி பெயர்களைக் குலைக்கப் போவதில்லை என்று 2025-இல் அறிவிக்கவும் செய்தது. ஆனாலும் ஒவ்வொரு பதிப்பிலும் ஆட்டத்தின் உட்கட்டமைப்பு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே 1.20.1-க்கு எழுதிய மாட், பொதுவாக 1.21.1-இல் ஓடாது. ஆசிரியர் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றி எழுத வேண்டும். அவர் பெரும்பாலும் ஊதியமில்லாமல், தன் ஓய்வு நேரத்தில் அதைச் செய்பவர்.

இதனால்தான் மாட் உலகம் சில குறிப்பிட்ட பதிப்புகளைச் சுற்றியே குவிந்திருக்கிறது. 1.7.10, 1.12.2, 1.16.5, 1.18.2, 1.19.2, 1.20.1, 1.21.1 ஆகியவை அப்படிப்பட்ட தங்குமிடங்கள். இவற்றில் 1.12.2 நீண்ட காலம் நிலைத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு: 2018-இல் வந்த 1.13 பதிப்பில் பிளாக்குகளை எண்களால் அடையாளம் காணும் பழைய முறையை மோஜாங் கைவிட்டது, அந்த மாற்றத்துக்கு ஏற்பப் பெரிய மாட்களை ஏறக்குறைய அடியிலிருந்து எழுத வேண்டியதாயிற்று, சில ஆசிரியர்கள் அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். தௌம்கிராஃப்ட் என்ற புகழ்பெற்ற மாய வித்தை மாட்டை இன்றும் 1.12.2-இல் போய்த்தான் விளையாட வேண்டியிருக்கிறது. எனவே மைன்கிராஃப்டின் ஆகப் புதிய பதிப்பில்தான் விளையாட வேண்டும் என்ற எண்ணத்தை மாட் விஷயத்தில் விட்டுவிடுங்கள். எந்த மாட் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அது நன்றாக ஓடும் பதிப்பைப் பிறகு தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

பதிப்புக்கு அடுத்தது லோடர். மாட் கோப்புகளை ஆட்டத்தோடு இணைத்துத் தருவது லோடரின் வேலை. ஃபோர்ஜ் 2011 முதல் இருக்கிறது. பெரிய இயந்திர மாட்களும் மாய வித்தை மாட்களும் அதன் மேல்தான் வளர்ந்தன. ஃபேப்ரிக் 2018-இன் இறுதியில் வந்தது. எடை குறைந்தது, ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தவுடன் விரைவாகத் தயாராகிவிடும், ஆட்டத்தை வேகப்படுத்தும் மாட்களுக்குப் பெயர் பெற்றது. ஃபோர்ஜ் குழுவில் ஏற்பட்ட பிளவில் 2023-இல் நியோஃபோர்ஜ் பிறந்தது, 1.20.1-க்குப் பிந்தைய பதிப்புகளில் ஃபோர்ஜ் மரபின் பெரிய மாட்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. குவில்ட் என்பது ஃபேப்ரிக்கிலிருந்து கிளைத்த இன்னொன்று. தொடக்கக்காரருக்கு அது தேவையில்லை.

ஃபோர்ஜா ஃபேப்ரிக்கா என்று இணையத்தில் நடக்கும் சண்டைகளில் இறங்காதீர்கள். மூல ஆட்டம் பிடித்திருக்கிறது, அது தடங்கலின்றி ஓடினால் போதும், சிறு சிறு வசதிகள் மட்டும் வேண்டும் என்றால் ஃபேப்ரிக் நல்ல தேர்வு. புதிய இயந்திரங்கள், புதிய உலகங்கள், புதிய மாய முறைகள் வேண்டும் என்றால் 1.20.1-இல் ஃபோர்ஜ், 1.21.1-இல் நியோஃபோர்ஜ். ஒரு லோடருக்கு எழுதிய மாட்டை இன்னொன்றில் ஓட்டித்தரும் இணைப்பு மாட்களும் இருக்கின்றன, ஆனால் பிழை வந்தால் அது யாருடைய பிழை என்று கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். இப்போது அவற்றை நாட வேண்டாம்.

மூன்றாவதாகப் பொருந்த வேண்டியது, ஆட்டத்தை ஓட்டும் ஜாவா என்ற மென்பொருளின் பதிப்பு. 1.16.5 வரை ஜாவா 8, 1.17-க்கு ஜாவா 16, 1.18 முதல் 1.20.4 வரை ஜாவா 17, 1.20.5 முதல் 1.21 வரிசைக்கு ஜாவா 21. இப்போதைய லாஞ்சர்கள் பொருத்தமான ஜாவாவைத் தாமே பதிவிறக்கிக்கொள்வதால் பெரும்பாலும் நீங்கள் இதைத் தொட வேண்டியிருக்காது. ஆனால் ஆட்டம் திறக்காமல், கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61 அல்லது 65 என்று ஒரு பிழைச்செய்தி வந்தால், 61 என்பது ஜாவா 17-ஐயும் 65 என்பது ஜாவா 21-ஐயும் குறிக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. லாஞ்சர் பழைய ஜாவாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே அந்தச் செய்தியின் பொருள்.

இனி நிறுவும் முறை. இணையத்தில் உள்ள பழைய விளக்கங்கள், ஃபோர்ஜ் நிறுவியை இயக்கி, பிறகு மைன்கிராஃப்டின் சொந்தக் கோப்புறைக்குள் மாட்ஸ் என்ற துணைக்கோப்புறையில் கோப்புகளைப் போடச் சொல்லும். அப்படியும் வேலை செய்யும். ஆனாலும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏனென்றால் அங்கே எல்லாப் பதிப்புகளும் ஒரே மாட்ஸ் கோப்புறையையும், ஒரே அமைப்புக் கோப்புகளையும், ஒரே உலகச் சேமிப்புகளையும் பகிர்ந்துகொள்கின்றன. 1.20.1-க்குப் போட்ட மாட்கள் இருக்கும்போது 1.21.1-ஐத் திறந்தால் ஆட்டம் விழும். அதைவிட மோசம், மாட் கொண்டு கட்டிய உலகத்தை மாட் இல்லாத ஆட்டத்தில் தவறுதலாகத் திறந்துவிட்டால் அந்த மாட்டின் பிளாக்குகள் எல்லாம் காணாமல் போய்விடும்.

இன்ஸ்டன்ஸ் முறையில் இயங்கும் லாஞ்சர்கள் இந்தத் தொல்லையை அடியோடு நீக்குகின்றன. இன்ஸ்டன்ஸ் என்பது தனக்கென்று ஆட்டப் பதிப்பு, லோடர், மாட்கள், அமைப்புகள், உலகங்கள் எல்லாம் கொண்ட தனிப் பெட்டி; ஒன்றில் என்ன நடந்தாலும் மற்றொன்றைப் பாதிக்காது. ப்ரிஸம் லாஞ்சர் திறமூல நிரல், விளம்பரம் இல்லாதது, நினைவகத்தைக் குறைவாக எடுப்பது. 8 ஜிபி கணினிக்கு அதையே சொல்வேன். மாட்ரிந்த் செயலி அழகாகவும் எளிதாகவும் இருக்கும். கர்ஸ்ஃபோர்ஜ் செயலியில் மாட்பேக்குகள் மிக அதிகம், ஒரே சொடுக்கில் நிறுவலாம், ஆனால் விளம்பரங்கள் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் ஆட்டத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் நுழைய வேண்டும். கணக்கே கேட்காத லாஞ்சர் என்று யாராவது கொடுத்தால் அதைத் தள்ளி வையுங்கள்.

ப்ரிஸத்தில் புதிய இன்ஸ்டன்ஸ் ஒன்றைச் சேர்த்து, 1.20.1-ஐத் தேர்ந்தெடுத்து, லோடர் பட்டியலில் ஃபோர்ஜைக் குறித்துச் சேமியுங்கள். உடனே மாட் சேர்க்கத் தொடங்காமல் ஒருமுறை வெறும் ஃபோர்ஜோடு ஆட்டத்தைத் திறந்து, முகப்புத் திரை வருகிறதா என்று பாருங்கள். இது வீண் வேலைபோலத் தோன்றும். ஆனால் பின்னால் ஏதாவது பழுதானால், அடித்தளம் சரியாகவே இருந்தது என்ற உறுதி உங்களுக்கு இருக்கும். அதன்பின் இன்ஸ்டன்ஸின் திருத்தும் சாளரத்தில் மாட்ஸ் பக்கத்துக்குப் போய், மாட்களைப் பதிவிறக்கும் பொத்தானை அழுத்தினால், மாட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் ஆகிய மாட் தளங்கள் இரண்டிலும் உள்ளவற்றை உங்கள் பதிப்புக்கும் லோடருக்கும் பொருந்துபவையாக வடிகட்டிக் காட்டும். ஒரு மாட் இயங்கச் சார்ந்திருக்கும் துணை மாட்களான நூலக மாட்களையும் அதுவே சேர்த்து எடுத்துவரும். கர்ஸ்ஃபோர்ஜில் சில ஆசிரியர்கள் வேறு லாஞ்சர்கள் வழியே பதிவிறக்குவதை அனுமதிப்பதில்லை. அப்போது ப்ரிஸம் ஒரு சுட்டியைக் காட்டி, உலாவியில் போய் நீங்களே எடுத்துவரச் சொல்லும். அது பிழையல்ல, ஆசிரியரின் விருப்பம்.

எங்கிருந்து பதிவிறக்குவது என்ற விஷயத்தில் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாட் என்பது படமோ பாட்டோ அல்ல. உங்கள் கணினியில் உங்கள் எல்லா அனுமதிகளோடும் ஓடும் முழு ஜாவா நிரல். அது உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைப் படிக்க நினைத்தால் ஆட்டம் அதைத் தடுக்காது. தேடுபொறியில் ஒரு மாட்டின் பெயரைத் தட்டினால் முதலில் வரும் தளங்களில் பல, ஆசிரியரின் அனுமதியின்றிக் கோப்பை மறுபதிவேற்றி விளம்பர வருவாய்க்காக நடத்தப்படுபவை; பழைய பதிப்பையோ, மாற்றப்பட்ட கோப்பையோ தருபவை. மாட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஆசிரியரே நடத்தும் பக்கம் ஆகிய மூன்றைத் தவிர வேறெங்கும் எடுக்காதீர்கள்.

அந்த நல்ல இடங்களும் முற்றிலும் ஆபத்து அற்றவை அல்ல. 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்று பெயரிடப்பட்ட தீநிரல், கைப்பற்றப்பட்ட சில கணக்குகளின் வழியாகக் கர்ஸ்ஃபோர்ஜிலேயே பரவியது. உலாவியின் குக்கிகளையும் கணக்கு விவரங்களையும் திருடியதோடு, கணினியில் உள்ள மற்ற ஜார் கோப்புகளுக்குள்ளும், அதாவது ஜாவா நிரல் கோப்புகளுக்குள்ளும், தன்னைப் புகுத்திக்கொண்டது. சில நாட்களில் மாட் ஆசிரியர்களும் வல்லுநர்களும் ஒன்று கூடி அதைப் பிரித்து ஆராய்ந்து, கண்டறியும் கருவிகளையும் வெளியிட்டார்கள். அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை இதுதான்: இன்று காலை பதிவேற்றப்பட்ட, யாரும் கேள்விப்படாத மாட்டை நிறுவ அவசரப்பட வேண்டாம், பல லட்சம் முறை பதிவிறக்கப்பட்ட, நிரலை வெளிப்படையாக வைத்திருக்கும் மாட்களோடு தொடங்குங்கள்.

எந்த மாட்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். உலகத்தில் எதையும் சேர்க்காமல், விளையாடுவதை மட்டும் எளிதாக்கும் மாட்களை முதலில் போடுங்கள். அவற்றில் தலையாயது ஜஸ்ட் இனஃப் ஐட்டம்ஸ். பொருட்பெட்டியைத் திறந்தால் வலப்பக்கம் ஆட்டத்தில் உள்ள எல்லாப் பொருட்களையும் அது பட்டியலிடும். ஒரு பொருளின் மேல் சுட்டியை வைத்து ஆர் விசையை அழுத்தினால் அதை எப்படிச் செய்வது என்று காட்டும். யு விசையை அழுத்தினால் அதைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று காட்டும். மாட் ஆட்டத்தின் பாதி இந்த இரண்டு விசைகளில் அடங்கியிருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். சுரங்கத்தில் பெயர் தெரியாத ஒரு தாது கிடைக்கிறது என்று வையுங்கள். யு-வை அழுத்துகிறீர்கள், அதை அரைக்கலாம், உருக்கலாம் என்று தெரிகிறது. அரைக்கும் இயந்திரத்தைச் சொடுக்கி ஆர்-ஐ அழுத்துகிறீர்கள். அதற்கு வேண்டிய தகடுகள் தெரிகின்றன. அந்தத் தகட்டைச் சொடுக்கினால் அதைச் செய்யும் அழுத்தி தெரிகிறது. இப்படி இறுதிப் பொருளிலிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், கையில் இருக்கும் இரும்பிலும் மரத்திலும் வந்து நிற்பீர்கள். இணையத்தில் எதையும் தேடாமலே ஒரு புதிய மாட்டைக் கற்றுக்கொள்ளும் வழி இதுவே.

அதனுடன், பார்க்கும் பிளாக்கின் பெயரையும் அது எந்த மாட்டைச் சேர்ந்தது என்பதையும் திரையின் மேலே காட்டும் ஜேட், வரைபடத்துக்கு ஜர்னிமேப் அல்லது ஸேரோவின் மினிமேப், உணவு எவ்வளவு பசி தீர்க்கும் என்று காட்டும் ஆப்பிள்ஸ்கின், விசை மோதல்களைத் தேடிக் காட்டும் கண்ட்ரோலிங் ஆகியவை போதும். கடைசியில் சொன்னது முக்கியம். மாட்கள் கூடக்கூட ஒரே விசையை இரண்டு மூன்று மாட்கள் கேட்கும்; ஒரு மாட் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் விசை மோதல்களே.

ஆட்டத்தின் வேகத்துக்கு, ஃபேப்ரிக்காக இருந்தால் சோடியமும் லித்தியமும்; 1.20.1 ஃபோர்ஜாக இருந்தால் சோடியத்திலிருந்து கிளைத்த எம்பெடியம். இவற்றுடன் நினைவகத்தை மிச்சப்படுத்தும் ஃபெரைட்கோர், தொடக்க நேரத்தைக் குறைக்கும் மாடர்ன்ஃபிக்ஸ் இரண்டையும் சேருங்கள். ஆப்டிஃபைன் ஒரு காலத்தில் எல்லோரும் போட்ட மாட்தான். ஆனால் அது மூடிய நிரல், மற்ற மாட்களோடு அடிக்கடி மோதுவது. சோடியம் வகை மாட்களோடு அதைச் சேர்த்துப் போடவே கூடாது. ஒளி, நிழல் காட்சிகளை மெருகூட்டும் ஷேடர் ஆசை இருந்தால் ஃபேப்ரிக்கில் ஐரிஸ், ஃபோர்ஜில் ஆக்குலஸ். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் அந்த ஆசையைத் தள்ளிப்போடுவது நல்லது.

நினைவக ஒதுக்கீடு பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது. ஜாவா தான் பயன்படுத்தி முடித்த நினைவகத்தை அவ்வப்போது துப்புரவு செய்கிறது. தேவைக்கு மேல் பெரிதாக ஒதுக்கினால் குப்பை நிறையச் சேர்ந்து, துப்புரவு நடக்கும்போது ஆட்டம் கண நேரம் உறைந்து நிற்கக்கூடும். தவிர, விண்டோஸுக்கும் கிராஃபிக்ஸுக்கும் பங்கு வேண்டும். 8 ஜிபி கணினியில் 4 ஜிபி ஒதுக்கினால் போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம். ஆடும்போது உலாவியை மூடிவிடுங்கள். பார்வைத் தொலைவை எட்டு சங்க் (ஆட்டம் நிலத்தைப் பிரிக்கும் சதுரத் துண்டு) அளவுக்குக் குறைத்தால், எந்த மாட்டும் தராத அளவுக்கு வேகம் கிடைக்கும்.

உள்ளடக்க மாட் என்று எடுத்தால், முதலில் ஒன்றே ஒன்றை எடுங்கள் என்பேன், அது கிரியேட்டாக இருக்கட்டும். இயந்திர மாட்களில் பெரும்பாலானவை பெட்டிக்குள் பொருளைப் போட்டு மின்சாரம் கொடுத்தால் வேறு பொருள் வரும் என்ற வகையைச் சேர்ந்தவை. கிரியேட்டில் எல்லாம் கண்ணெதிரே சுழலும். ஆண்டிசைட் கல்லையும் இரும்புத் துணுக்குகளையும் சேர்த்து ஆண்டிசைட் உலோகக்கலவை செய்கிறீர்கள், அதிலிருந்து அச்சுத்தண்டு, அச்சுத்தண்டோடு பலகையைச் சேர்த்தால் பற்சக்கரம். ஓடும் நீரில் நீர்ச்சக்கரத்தை வைத்தால் அது சுற்றத் தொடங்கும். தண்டை நீட்டி, பற்சக்கரத்தால் திசை திருப்பி, அரைகல்லோடு இணைத்தால் கோதுமை மாவாக அரைபடும். சிறிய சக்கரமும் பெரிய சக்கரமும் கோக்கும் விதத்தைப் பொறுத்து வேகம் இரட்டிக்கும் அல்லது பாதியாகும். ஒரே நீர்ச்சக்கரத்தில் தாங்க முடியாத அளவுக்கு இயந்திரங்களை மாட்டினால் மொத்த அமைப்பும் நின்றுவிடும். இன்னொரு சக்கரம் சேர்க்க வேண்டும்.

கிரியேட்டை முதல் மாட்டாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெரும்பாலான இயந்திரங்களின் மேல் சுட்டியை வைத்து டபிள்யூ விசையை அழுத்திப் பிடித்தால், அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சிறிய அசைவுக் காட்சி விரியும். காட்சியை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம். இவ்வளவு அக்கறையோடு விளையாடுபவருக்குக் கற்றுத்தரும் மாட் மிகக் குறைவு. கட்டடம் கட்டுவதில் விருப்பம் உள்ளவர்களுக்கு, ஆலையின் உட்புறத்தையே அழகாக அமைப்பது தனி மகிழ்ச்சி.

அதற்குத் துணையாக ஃபார்மர்ஸ் டிலைட் சேருங்கள். வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ், அரிசி என்று பயிர்கள் வரும். அடுப்பின் மேல் சமையல் பானை வைத்துச் சமைக்கலாம். நெல் மட்டும் உலர்ந்த நிலத்தில் வளராது, ஒரு பிளாக் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் மண்ணில்தான் நட வேண்டும். மற்ற பயிர்களைப்போல உழுத நிலத்தில் நட முயன்று நம் ஊர்க்காரர்களே ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். புதிய இடங்களைச் சுற்றிப் பார்க்க ட்விலைட் ஃபாரஸ்ட்: இரண்டுக்கு இரண்டு அளவில் குளம் வெட்டி, நீர் நிரப்பி, சுற்றிலும் பூச்செடிகள் வைத்து, நடுவில் ஒரு வைரத்தைப் போட்டால் வாசல் திறக்கும். இந்த மூன்றும் மேலே சொன்ன வசதி மாட்களும் சேர்ந்தால் பல மாதங்களுக்கு விளையாட்டு இருக்கிறது.

மாட்பேக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேக் என்பது யாரோ ஒருவர் நூற்றுக்கணக்கான மாட்களைத் தேர்ந்து, அவை மோதாதபடி அமைப்புகளைத் திருத்தி, செய்முறைகளை மாற்றி, பலவற்றில் பணிப்புத்தகம் ஒன்றையும் எழுதிச் சேர்த்த தொகுப்பு. நல்ல பேக் உண்மையில் தனி ஆட்டமே. ஆனால் ஆல் த மாட்ஸ் 9 போன்றவற்றில் நானூறுக்கும் மேற்பட்ட மாட்கள் உள்ளன. 8 ஜிபி கணினி அதைத் தாங்காது, தாங்கினாலும் தாமிரத்தை நான்கு விதமாக அரைக்கும் நான்கு இயந்திரங்களுக்கு நடுவே எதைச் செய்வது என்று புதியவர் திகைத்துப்போவார். ஆர்எல்கிராஃப்ட் யூடியூபில் பார்க்கச் சுவையானது. விளையாடினால் முதல் இரவைத் தாண்டுவதே பாடு. 1.7.10-இல் இன்றும் வளர்ந்துவரும் ஜிடி நியூ ஹொரைஸன்ஸ் மாட் உலகின் மிக நேர்த்தியான ஆக்கங்களுள் ஒன்று என்பது என் கருத்து, ஆனால் முடிக்க ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்பது. வானத்தில் ஒற்றை மரத்தோடு தொடங்கும் ஸ்கைஃபேக்டரி 4, 1.12.2-ஐச் சேர்ந்தது, பணிகள் படிப்படியாக வழிநடத்துவதால் புதியவருக்கு ஏற்றது. கிரியேட் பிடித்துப்போனால் 1.16.5-க்கான கிரியேட்: அபவ் அண்ட் பியாண்ட் அடுத்த நல்ல படி.

பழுது வரும்; வராமல் இருக்காது. ஆட்டம் விழுந்தவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுபவர்களே அதிகம், அது தேவையில்லை. இன்ஸ்டன்ஸ் கோப்புறையில் லாக்ஸ் என்ற துணைக்கோப்புறைக்குள் லேட்டஸ்ட் என்ற பெயரில் ஒரு பதிவுக் கோப்பும், கிராஷ் ரிப்போர்ட்ஸ் என்ற கோப்புறையில் விழுந்த நேரத்தைப் பெயராகக் கொண்ட அறிக்கையும் இருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மிரள வேண்டாம். காஸ்ட் பை என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அங்கோ அதற்கு அடுத்த வரிகளிலோ ஒரு மாட்டின் பெயர் பெரும்பாலும் தென்படும். இன்ன மாட்டுக்கு இன்ன நூலகம் இன்ன பதிப்பில் தேவை என்று வந்தால், அந்த நூலகத்தைச் சேர்த்தால் தீர்ந்தது. ஃபேப்ரிக்கில் இது பெரும்பாலும் ஃபேப்ரிக் ஏபிஐ விடுபட்டதாக இருக்கும், ஏனெனில் அது லோடருடன் வருவதில்லை, தனியாகப் போட வேண்டிய மாட். அவுட் ஆஃப் மெமரி என்று வந்தால் ஒதுக்கீடு போதவில்லை.

அறிக்கையிலிருந்து எதுவும் புரியவில்லை என்றால் பாதிப்பாதியாகப் பிரிக்கும் முறை கைகொடுக்கும். அறுபது மாட்கள் இருந்தால் முப்பதை முடக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி முடக்கிய முப்பதில். விழுந்தால் மற்ற முப்பதில். அதை மறுபடி பாதியாக்குங்கள். ஏறக்குறைய ஆறு சுற்றில் ஒரே மாட்டில் வந்து நிற்பீர்கள். நூலக மாட்களை மட்டும் முடக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவை இல்லாததாலேயே ஆட்டம் விழுந்து உங்களைத் திசைதிருப்பும். இந்தச் சோதனைகளை உங்கள் சொந்த உலகத்தில் செய்யாமல், இன்ஸ்டன்ஸின் நகலில், வெற்று உலகம் ஒன்றை உருவாக்கிச் செய்ய வேண்டும்.

உலகத்தின் பாதுகாப்பு அதைவிட முக்கியமானது. மாட்டை நீக்குவதற்கு முன்பும், புதுப்பிப்பதற்கு முன்பும், சேவ்ஸ் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். ஒரு மாட்டை நீக்கினால் அதன் பிளாக்குகளும் பொருட்களும் உலகத்திலிருந்து மறையும். மறுபடி மாட்டைச் சேர்த்தாலும் அவை திரும்ப வாரா. இடையில் சேர்க்கும் மாட்டுக்கு வேறு சிக்கல்: அதன் தாதுக்களும் நிலவகைகளும் நீங்கள் இதுவரை கால் வைக்காத பகுதிகளில்தான் உருவாகும். ஆகவே கிரியேட்டைப் பழைய உலகத்தில் சேர்த்துவிட்டு வீட்டைச் சுற்றித் துத்தநாகம் தேடினால் கிடைக்காது. தொலைவில் புதிய நிலத்துக்குப் போக வேண்டும். நிலத்தை மாற்றும் மாட் எது சேர்த்தாலும் புதிய உலகத்தில் தொடங்குவதே நல்லது.

நண்பர்களோடு ஆடுவதென்றால், உள்ளடக்க மாட்கள் சர்வரிலும் ஒவ்வொருவர் கணினியிலும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். சோடியம் வகை மாட்களும் மினிமேப்பும் அவரவர் விருப்பம். எல்லோரும் தனித்தனியே மாட் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பது வீண் அலைச்சல். ஒருவர் இன்ஸ்டன்ஸைத் தயார் செய்து, ப்ரிஸத்திலிருந்து ஏற்றுமதி செய்து அனுப்பினால் மற்றவர்கள் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். கணக்கு வாங்க இயலாத நண்பர்கள் இருந்தால், முன்பு மைன்டெஸ்ட் என்று வழங்கி 2024-இல் லுவாண்டி என்று பெயர் மாறிய கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. விலையில்லாதது, பழைய கணினியிலும் ஓடுவது, அதற்கான மாட்களை ஆட்டத்துக்குள்ளிருந்தே பதிவிறக்கலாம்.

எங்காவது சிக்கிக்கொண்டு உதவி கேட்க நேர்ந்தால், ஆட்டப் பதிப்பு, லோடரின் பெயரும் பதிப்பும், ஒதுக்கிய நினைவகம், கடைசியாகச் சேர்த்த அல்லது புதுப்பித்த மாட் ஆகிய நான்கையும் எழுதி, பதிவுக் கோப்பை முழுமையாக இணையுங்கள். திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்புவதும், தேவை என்று நீங்கள் கருதும் பத்து வரிகளை மட்டும் வெட்டி ஒட்டுவதும் பயன்படாது. காரணம் பெரும்பாலும் அந்தப் பத்து வரிக்கு வெகுதூரம் மேலே இருக்கும்.